அந்த வண்டியிலேயே வந்து

அன்புள்ள மனைவிக்கு,

நானும் வண்டியும் நலம் என்று எழுத ஆசைதான். வண்டி இன்னும் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது.

உன்னைக் கேட்காமல் பழைய கார் வாங்கியதைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் நீ உன் அக்கா வீட்டுக்குப் போனாய். வாசலில் நின்று, "பெருமையா வாங்குனீங்கல்ல, அந்த வண்டியிலயே வந்து கூப்பிடுங்க, வர்றேன்" என்றாய். அன்றிலிருந்து அதற்குத்தான் முயன்றுகொண்டிருக்கிறேன்.

பேட்டரியை மாற்றினேன். வண்டி கிளம்பியது, நிற்க மறுத்தது. பிரேக்கைச் சரிசெய்தோம். பிரமாதமாக நின்றது, அதன்பிறகு கிளம்பவே இல்லை.

"சார், இது கூட்டுக் குடும்பம் மாதிரி. ஒண்ணைக் கவனிச்சா இன்னொண்ணு கோவிச்சுக்கும்" என்கிறார் மெக்கானிக். ரேடியேட்டர் ஒழுகுகிறது. வைப்பர் மட்டும் யாரும் கேட்காமலேயே வெயிலில் உற்சாகமாக ஆடுகிறது.

நேற்று அவரை அவசரப்படுத்தினேன்.

"அப்படி எங்க சார் போகணும்?"

"வீட்ல அவங்க அக்கா வீட்டுக்குப் போயிருக்காங்க. கூட்டிட்டு வரணும்."

"ரொம்ப தூரமா?"

"பஸ்ல அரை மணி நேரம்."

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். இன்ஜினைக்கூட அவர் அவ்வளவு கவலையோடு பார்த்ததில்லை.

வீட்டில் எல்லாம் வைத்தது வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதுதான் சகிக்கவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பையைக் கட்டி வைத்திருந்தால் நல்லது. வண்டி எங்கே என்று உன் அக்கா கேட்டால் மட்டும், தெருவில் நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு.

உன் வீட்டுக்காரன்