மேஜையின் அந்தப் பக்கம்

அக்கா,

பழைய பீரோவின் அடித்தட்டில் அந்த அரிச்சுவடி கிடைத்தது. முதியோர் கல்விக்கென்று அச்சடித்துக் கொடுத்த மெல்லிய புத்தகம். அட்டை எப்போதோ போய்விட்டது. எந்தப் புத்தகமும் பக்கத்தின் கீழ் மூலையில்தான் முதலில் அழுக்காகும், விரல் வைத்துப் புரட்டுகிற இடம் அது. முப்பத்தைந்து வருடம் நூலகத்தில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், நம்பலாம். இந்தப் புத்தகம் மட்டும் மேல் மூலையில் அழுக்காகியிருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் தலைப்பை ஒட்டிச் செம்மண் கறை. வேறு யாருடைய விரலாக இருக்கும்?

உங்கள் மகள் போன் செய்தபோது நான் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். "அம்மா போயிருச்சு மாமா" என்றாள். எந்த பஸ்ஸுக்கு நின்றேன் என்பதே மறந்துபோய் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். சாப்பாடு நன்றாக இருந்தது. ஆனால் சாம்பாரில் உப்புக் கம்மி. நீங்கள் இருந்திருந்தால் சமையல்காரனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பீர்கள். ஊருக்குத் திரும்பி வந்த மறுநாளே இந்தப் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தேன்.

எழுமலைக்குப் போகிற வழியில் இருந்த அந்தக் கிளை நூலகத்துக்கு நான் வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. ஓட்டுக் கட்டடம், நாலு அலமாரி, ஒரு நீள மேஜை. மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு நடத்த வேண்டும் என்று மேலிடத்திலிருந்து தாள் வந்தது. மாதிரிக்கு ஒரு புத்தகமும் வந்தது. மற்றப் புத்தகங்கள் பின்னால் வரும் என்றார்கள். அவை இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

அதனால் ஒரே புத்தகம், சுற்றிப் பதினாலு தலை. ஆண்கள் பதினொரு பேரும் நான் இருந்த பக்கம் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். பெண்கள் மூன்று பேர் எதிர்ப்பக்கம். ஒரு மாதத்தில் மற்ற இருவரும் நின்றுவிட்டார்கள். பருத்தி எடுத்துவிட்டுக் கை கால் கழுவிக்கொண்டு, நீங்கள் மட்டும் தினமும் வந்தீர்கள். ஆண்கள் இருக்கிற பக்கம் பெண்கள் உட்காருவது வழக்கமில்லை. காலனியிலிருந்து வருகிறவர்கள் ஊர்க்காரர்களோடு சமமாக உட்காருவதும் வழக்கமில்லை. நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்போது அது எனக்கு உறுத்தக்கூட இல்லை என்பதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

நான் ஈர்க்குச்சியை எழுத்தின் அடியில் வைத்து வாசிப்பேன், எல்லோரும் திருப்பிச் சொல்வார்கள். எத்தனை கழுவினாலும் போகாத செம்மண்ணோடு உங்கள் விரல் உங்கள் பக்கத்து மூலையைப் பிடித்திருக்கும். பிறகு சிலேட்டில் எழுதுவார்கள். ஆண்களின் சிலேட்டில் கொக்கியும் கோணலுமாக ஏதோ இருக்கும். உங்கள் சிலேட்டை மேஜைக்கு இந்தப் பக்கமிருந்தே எட்டிப் பார்ப்பேன். முத்து முத்தாக எழுத்து. "இந்தம்மாவைப் பார்த்துக் கத்துக்குங்க" என்று மற்றவர்களைச் சீண்டுவேன். நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள். நான் ஒரு பெரிய வாத்தியார் என்று எனக்கே நினைப்பு வந்துவிட்டது.

வகுப்புக்கு ஏன் வருகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். உங்கள் காலனிப் பள்ளிக்கூடத்துக்குச் சத்துணவுக் கூடம் வரப்போகிறது, சமையல் வேலைக்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும் என்கிறார்கள் என்றீர்கள். புருஷன் இறந்து இரண்டு வருடம், மகளுக்கு ஆறு வயது, காட்டு வேலை வருடத்தில் பாதி நாள்தான். அந்த வேலை கிடைத்தால் மகளைப் படிக்க வைத்துவிடலாம். மற்றவர்கள் பொழுதுபோக்காக வந்தார்கள், நீங்கள் அதற்காக வந்தீர்கள்.

ஆறு மாதம் ஆயிற்று. ஒருநாள் நீங்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தீர்கள். உசிலம்பட்டிக்குப் போகப் புறப்பட்டவர் வேறு பஸ்ஸில் ஏறி எங்கேயோ போய் இறங்கியிருக்கிறீர்கள்.

"சார், பஸ்ல எழுதியிருக்கிறது நீங்க சொல்லிக் குடுத்த எழுத்து இல்ல. அது வேற எழுத்து" என்றீர்கள்.

எனக்குப் புரியவில்லை. அன்றைய செய்தித்தாளை உங்கள் முன்னால் வைத்தேன். நீங்கள் அதைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பித் தலைகீழாக வைத்துக்கொண்டு, தலைப்பைக் கடகடவென்று வாசித்தீர்கள்.

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன், அக்கா. சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, எதிர்ப்பக்கத்திலிருந்து தெரிகிற எழுத்தையே நீங்கள் கற்றிருக்கிறீர்கள். அதையே அப்படியே சிலேட்டில் எழுதியிருக்கிறீர்கள். நான் இந்தப் பக்கமிருந்து பார்த்ததால் எல்லாம் எனக்கு நேராகத் தெரிந்திருக்கிறது. ஆறு மாதத்தில் ஒருநாளாவது மேஜையைச் சுற்றி வந்து உங்கள் பின்னால் நின்று பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

நீங்கள் சிரிக்கவில்லை. "அப்ப இம்புட்டு நாளும் தலைகீழாவா படிச்சேன்?" என்று கேட்டுவிட்டுச் சிலேட்டை மேஜைமேல் வைத்தீர்கள். போறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனீர்கள்.

எட்டு நாள் வரவில்லை. ஒன்பதாம் நாள் வகுப்புக்கு முன்னால் நானே காலனிக்கு வந்தேன். இரண்டு வருடமாக அந்த ஊரில் வேலை, நூலகத்திலிருந்து கால் மணி நடை, அதுதான் முதல் தடவை. நீங்கள் வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தீர்கள். நிமிரவில்லை. தப்பு என்மேல்தான், திரும்ப வாருங்கள் என்று நான் நின்றபடியே சொன்னேன். கையிலிருந்த கடலையை உடைத்துப் போட்டீர்கள்.

"வந்தா எங்கிட்டு உக்கார?" என்று கேட்டீர்கள்.

அதுவரைக்கும் உங்களை நான் எந்த முறையும் வைத்து அழைத்ததில்லை. 'இந்தம்மா', 'வாங்க', 'போங்க', அவ்வளவுதான்.

"எனக்குப் பக்கத்துல உக்காருங்க, அக்கா" என்றேன்.

அன்று மாலை வந்தீர்கள். பெஞ்சில் நான் காட்டிய இடத்தில் உட்கார்ந்தீர்கள். ஆண்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். இடம் விடத் தள்ளியவர்களும் உண்டு, ஒட்டக்கூடாதென்று தள்ளியவர்களும் உண்டு. ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனவர், அப்புறம் வரவே இல்லை. நான் ஈர்க்குச்சியை எடுத்து முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். நேர் எழுத்து உங்களுக்கு மூன்றே மாதத்தில் வந்துவிட்டது. பஸ்ஸில் ஏறுமுன் போர்டை இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் ஏறுவேன் என்று சொன்னீர்கள்.

யூனியன் ஆபீசிலிருந்து உங்களுக்கு அழைப்பு வந்தது. எந்த ஊர் ஆபீஸ் என்று எழுதாமல் விடுகிறேன். துணைக்கு வரச் சொன்னீர்கள், வந்தேன். நேர்காணல் முன்பே முடிந்திருந்தது, அன்று முடிவு சொல்லும் நாள். கிளார்க்கின் மேஜைக்கு முன்னால் நாம் இருவரும் நின்றோம். அவர் முன்னால் டைப் அடித்த பட்டியல். அதில் கண்ணை ஓட்டிவிட்டு, "உன் பேரு இல்லம்மா. அடுத்த தடவ பாப்போம்" என்றார்.

நான் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அசையாமல் அந்தத் தாளையே பார்த்தீர்கள்.

"மூணாவது வரியில என் பேரு இருக்கே அய்யா" என்றீர்கள். "பேரு, எங்க காலனி, கைம்பெண்ணு, அப்புறம் தேர்வுன்னு இருக்கு. அதுக்கு மேல பென்சில்ல வேற ஒரு பேரு எழுதியிருக்கு. அது யாரு?"

கிளார்க் சட்டென்று தாளின்மேல் கையை வைத்தார். நான் உங்கள் பக்கத்தில்தான் நின்றேன், அதே தாளைத்தான் பார்த்தேன். எழுத்துக் கூட்ட நான் கழுத்தைச் சாய்ப்பதற்குள் நீங்கள் வாசித்து முடித்துவிட்டீர்கள். அடுத்த மேஜையில் இருந்த அதிகாரி எழுந்து வந்து தாளை வாங்கினார். பென்சில் எழுத்தைப் பார்த்தார், கிளார்க்கைப் பார்த்தார். பிறகு உங்களிடம், தலைகீழாக இருப்பதை எப்படி வாசித்தாய் என்று கேட்டார்.

"எனக்கு இதுதேன் நேராத் தெரியும்" என்றீர்கள்.

அந்த வாரமே உத்தரவு கைக்கு வந்தது. ஆனால் அன்றைக்கே, ஆபீசுக்கு வெளியே டீக்கடை வாசலில் நின்று சிரித்தீர்களே, அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. டீ கிளாஸ் கையில் ஆடியது. "நீங்க ஒழுங்காச் சொல்லிக் குடுத்திருந்தா எனக்கு இந்த வேல கெடச்சிருக்காது, தம்பி" என்றீர்கள். அன்றிலிருந்து நான் உங்களுக்குத் தம்பி, உங்கள் மகளுக்கு மாமா. அவள் இன்றைக்குத் தலைமையாசிரியை. காரியத்தன்று வந்தவர்களிடமெல்லாம் என்னை, "அம்மாவுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தவுக" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு எனக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. அங்கேயும் நூலகத்தில் வகுப்புகள் நடத்தினேன். மனு எழுதுவதற்கு, பாரம் நிரப்புவதற்கு, பெண்களுக்குத் தையல். ஒருமுறை நீங்கள் என்னைப் பார்க்க வந்தபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றபடி, "இவருக்கு எதுக்க மட்டும் உக்காந்துராதீங்க" என்று என் மாணவர்களுக்குப் புத்தி சொன்னீர்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் அதற்குள்ளேயே மேஜையைச் சுற்றிச் சுற்றி வருகிற ஆளாகியிருந்தேனே. ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் போய் நின்று, அவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பேன். ஓய்வு பெறும் நாள்வரை அப்படித்தான். வேறு எந்தப் பெருமையும் எனக்கு இல்லை, அக்கா. இந்த ஒரு பழக்கம்தான், அதுவும் நீங்கள் கொடுத்தது.

இன்று காலை அந்த அரிச்சுவடியைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்தேன். எழுந்து சுற்றி வந்து உங்கள் பக்கம் உட்கார்ந்தேன். மேல் மூலையில், உங்கள் விரல் பட்ட இடத்தில் என் விரலை வைத்து வாசிக்கப் பார்த்தேன். தெரிந்த எழுத்துதான், தெரிந்த பாடம்தான். முதல் பக்கத்தைத் தாண்ட எனக்கு அரை மணி ஆயிற்று. கண் வலித்தது, கழுத்து வலித்தது. பாதியில் புத்தகத்தைத் திருப்பிவிடலாமா என்று கை போய்விட்டுத் திரும்பியது.

ஆறு மாதம் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள். புத்தகத்தைக் கொஞ்சம் திருப்புங்கள் என்று ஒருநாளும் நீங்கள் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் உங்களை நான் வைத்திருக்கவில்லை.

உங்கள் தம்பி