நான் தொட்டுப் பார்க்காத நட்டு

இன்று மதியம் பனியன் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில், என் பக்கத்து டேபிளில் செக்கிங் பார்க்கும் ஒடிசாப் பெண் நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தாள். ஏதோ வெளிறிய ரோஸ் நிறம். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குத் தயிர்சாதம் இறங்கவில்லை. மற்றவர்களுக்கு நகப்பூச்சு என்றால் கல்யாண வீடு நினைவுக்கு வரும். எனக்கு நம் வாசலும், அதில் நிறுத்திவைத்த உங்கள் வண்டியும், ஞாயிற்றுக்கிழமைக் காலையும்தான் வந்து நிற்கின்றன. நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்னும் இந்த வாடைக்கு நான் பழகவில்லை.

என் நகத்தில் பூசியதைவிட உங்கள் வண்டியின் நட்டுகளில் நான் பூசியதுதான் அதிகம். கம்பெனியில் நீங்கள் தையல் மெஷின் மெக்கானிக். நாள் முழுக்க அதிர்கிற இரும்போடு பிழைத்தவர். "ஓடுற வண்டியில நட்டு கழலத்தான் செய்யும் அம்மிணி. அது நட்டோட குத்தமில்ல, பாக்காதவன் குத்தம்" என்பீர்கள். மங்கலம் ரோட்டுப் பள்ளங்களில் தினமும் போய்வருகிற வண்டிக்கு இது இன்னும் பொருந்தும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வாரத்தில் கிடைக்கும் ஒரே லீவு நாளை இப்படியா தொலைப்பது என்று முணுமுணுக்காமல் இருந்ததில்லை.

ஒவ்வொரு நட்டாகக் கழற்றுவீர்கள். பனியன் துணி வேஸ்ட்டை மண்ணெண்ணெயில் நனைத்து, மரையில் ஒட்டிய மண்ணையும் பிசுக்கையும் துடைப்பீர்கள். ஸ்பிரிங் வாஷர் தட்டையாகிப் போயிருந்தால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடுவீர்கள். முறுக்கும்போது உடம்புப் பலத்தைக் காட்டக் கூடாது, மரை போய்விடும் என்பீர்கள். அதனால் ஸ்பேனரின் நுனியைப் பிடிக்காமல் பாதியில் பிடிப்பீர்கள். எதிர்வீட்டு அக்கா வாசல் கூட்ட வரும்போதெல்லாம், வண்டிக்கு ஒன்றும் கழலவில்லை, உங்க வீட்டுக்காரருக்குத்தான் மரை கழன்றிருக்கிறது என்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். நீங்களும் சிரிப்பீர்கள்.

கடைசியில் என்னைக் கூப்பிடுவீர்கள். முறுக்கியவர் கோடு போடக் கூடாது என்பது நீங்கள் வைத்த சட்டம். தைத்தவரே செக்கிங் பார்த்தால் தப்பு கண்ணில் படுமா என்று கேட்பீர்கள். கம்பெனி வழக்கத்தை வாசல் வரை கொண்டுவந்த மனிதர் திருப்பூரிலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். நான் நட்டில் ஸ்பேனரை மாட்டி ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பேன். அசையவில்லை என்றால், நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் சிவப்பு நகப்பூச்சால் ஒரே கோடாக இழுப்பேன். பிறகு நட்டு ஒரு நூல் திரும்பினாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காங்கேயத்தில் என் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. இரண்டு பேரும் வண்டியில் போவதாகப் பேச்சு. தூரம் போகிற வண்டி என்று அதிகாலையிலேயே செயின் தொய்வைச் சரிசெய்ய உட்கார்ந்தீர்கள். பின்சக்கர அச்சு நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, திரும்ப நட்டை விரலால் ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஷிப்மென்ட் நேரத்தில் ஒரு லைன் முழுக்க மெஷின் நின்றுவிட்டதாம். எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்து, நான் எதற்குப் பயந்தேனோ அதையே சொன்னீர்கள்.

"நீ பஸ்ல போயிரு அம்மிணி. நா பொழுதோட வந்தர்றேன்."

பிறந்த வீட்டு விசேஷத்துக்குத் தனியாகப் போய் இறங்கினால் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? நீங்கள் ஒன்றும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சட்டை மாற்ற உள்ளே போகும்போது, கோடு மட்டும் போட்டுவிடு என்றீர்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. ஸ்பேனர் காலடியிலேயே கிடந்தது. குனிந்து எடுக்க மனமில்லை. பாட்டிலைத் திறந்தேன், கோட்டை இழுத்தேன், பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

பஸ் திருப்பூரைத் தாண்டுவதற்குள் கோபம் பாதி தணிந்துவிட்டது. தொட்டுப் பார்க்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. இவர் எந்த நட்டைத்தான் சரியாக முறுக்காமல் விட்டிருக்கிறார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொழுதோடு வருகிறேன் என்ற நீங்கள் வரவில்லை. சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தீர்கள், கையெல்லாம் கிரீஸ். லீவு நாளிலும் மெஷினோடு மல்லுக்கட்டிய கை என்று நினைத்தேன். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, நேரமாகிவிட்டது என்றீர்கள். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை, கம்பெனிக்குப் போகிற வழியில் விழுந்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

உங்களைத் தூக்கிவிட ஓடியவர் நீங்கள் விழுந்த இடத்தில் டீக்கடை வைத்திருக்கிறார். துக்கம் கேட்க வீடு தேடி வந்தார். எப்படி விழுந்தீர்கள் என்று அண்ணன் கேட்டார். "பின்னாடி சக்கரம் ஆடுச்சுங்க. ரெண்டு ஆட்டம் ஆடிப்போட்டு அப்படியே சாஞ்சிருச்சுங்க" என்றார். கேட்டுக்கொண்டிருந்த எல்லாரும் விதி என்றார்கள். எனக்கு மட்டும் அது என் கை செய்தது என்று பட்டது. பின்சக்கர நட்டு. தொட்டுப் பார்க்காமல் நான் கோடு போட்ட நட்டு. யாரிடம் சொல்வேன்? காரியம் முடிகிற வரைக்கும் அழுதேன் என்று சொல்வார்கள். பாதி அழுகை பயம்.

வண்டி போலீஸ் ஸ்டேஷனில் கிடந்தது. அதை எடுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார் அண்ணன். அதற்கு முன்னால் நான் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றேன். எதற்கு, பார்த்தால் மனசு கெட்டுப்போகும் என்று தடுத்தார். நான் கேட்கவில்லை. பதினாறாம் நாள் அவரோடு போனேன். வேப்பமரத்தடியில் புழுதி மூடிக் கிடந்தது வண்டி. பின் டயரில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல், உள்ளே துருப்பிடித்த தகடு குத்தி நின்றது. சக்கரம் ஆடியது இதனால்தான் என்று அங்கிருந்த ஏட்டு சொன்னார். அவர் சொன்னதை நம்ப என் மனம் தயாராக இல்லை. உட்கார்ந்து, முந்தானையால் அச்சு நட்டைத் துடைத்தேன்.

என் கோடு உடைந்திருந்தது. இரும்பில் பாதி, நட்டில் பாதி, இரண்டுக்கும் நடுவில் ஒரு கால் சுற்று. ஒரு நிமிடம் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு பார்த்தேன், நட்டு திரும்பியிருந்தது கழலும் பக்கமாக இல்லை, இறுகும் பக்கமாக. அதன் மேல் இன்னொரு கோடு, அதே சிவப்பில். பிரஷைப் பிடிக்கத் தெரியாத கை போட்ட தடித்த கோடு. அது உடையாமல் அப்படியே இருந்தது.

அந்தச் சாயங்காலத்துக் கிரீஸ் எதனால் வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போன் வந்த அவசரத்தில் ஸ்பேனரால் முறுக்க மறந்த அந்த நட்டோடு கம்பெனி வரைக்கும் போயிருக்கிறீர்கள். திரும்பி வந்து, நான் தொடாமலே கோடு போட்டதைக் கண்டுபிடித்து, நீங்களே முறுக்கி, உங்கள் சட்டத்தை நீங்களே மீறிக் கோடும் போட்டிருக்கிறீர்கள். கால் சுற்று என்றால் எவ்வளவு தளர்வு என்று எனக்குத் தெரியாதா?

காதுகுத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் இருந்த கடைசி ஞாயிற்றுக்கிழமை, எப்போதும்போல் முன்பிரேக்கைப் பிரித்து மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள். பாட்டிலை என் கையில்தான் கொடுத்தீர்கள். பின்பக்கமும் பார்த்துவிடவா என்று நான் எழுந்தபோது, அது நன்றாக இருக்கிறது, வேண்டாம் என்று தடுத்தீர்கள். அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது கம்பெனியில் ஒவ்வொரு பீஸையும் இரண்டு தடவை புரட்டிப் பார்க்கிறேன். கை மெதுவாகிவிட்டது என்று சூப்பர்வைசர் சத்தம் போடுகிறார், போடட்டும். உங்கள் உயிரை நான் எடுக்கவில்லை என்று அந்த நட்டு எனக்குச் சொல்லிவிட்டது, அது போதும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் போதவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். நானாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பதினோரு நாள் இருந்ததே. தொட்டுப் பார்க்காமல்தான் கோடு போட்டேனுங்க. இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால், "தெரியும் அம்மிணி" என்றிருப்பீர்கள். அந்த இரண்டு சொல்லைக் கேட்காமலே மீதி நாளைக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.