தகுதியானவர் எவருமில்லை

இன்று காலைப் பேப்பரில் பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு அறிவிப்பு வந்திருக்கிறது. ஆசிரியர், அலுவலர் என்று அரைப் பக்கம். வரலாற்றுத் துறையில் உதவிப் பேராசிரியர் ஒன்று, பேராசிரியர் ஒன்று. முதல் இடம் ஆறு வருடத்துக்கு முன் என்னைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டுவிட்டு நிரப்பாமல் விட்டது. இரண்டாவது, நீ செத்ததால் காலியானது.

ஒரு காலத்தில் செங்கல்பட்டுக் கல்லூரியில் நாம் இருவரும் கௌரவ விரிவுரையாளர்கள். கௌரவம் பெயரில் மட்டும். ஊரப்பாக்கத்தில் நான் ரயில் ஏறும்போது எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாய். ஒரு நேர்காணலில் தோற்ற மதியம் அப்படியே பஸ் ஏறி மாமல்லபுரம் போனோம். இஸ்திரிச் சட்டையோடு மணலில் உட்கார்ந்தோம்.

"இன்னா மச்சான், மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற? ரெண்டு பேருல ஒருத்தன் உள்ள பூந்தா போதும்டா" என்றாய்.

நீ பூந்தாய். இந்தப் பல்கலைக்கழகத்திலேயே துறைத் தலைவரும் ஆனாய். என் நேர்காணலில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாய். வந்த ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே வரியில் முடிவு: 'தகுதியானவர் எவருமில்லை.' தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு நகல் வாங்கினேன். அந்த வரி உன் கையெழுத்திலேயே இருந்தது.

நகல் வந்த வாரமே நீ வீட்டுக்கு வந்தாய். நான் உள்ளறையில் இருந்துகொண்டு மனைவியை அனுப்பினேன். "அவரு வெளிய போய்க்கிறாருண்ணா" என்றாள். வாசலில் என் ஸ்கூட்டர் நின்றது. "சரிம்மா, வந்தா பேசச் சொல்லு" என்று போய்விட்டாய். நான் பேசவில்லை. ஆறு வருடம்.

உன் இரங்கல் கூட்டத்தில் துணைவேந்தர் உன் பெயரைத் தப்பாகச் சொன்னார். யாரும் திருத்தவில்லை. நானும்தான். வெளியே உங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னிக்கு மேலேர்ந்து ஒருத்தன இட்டாந்து போடச் சொன்னாங்கோ சார். இவரு ஒத்த கால்ல நின்னாரு. 'எடம் காலியாவே கெடக்கட்டும், மறுபடி விளம்பரம் வந்தா நம்ம ஆளு அப்ளிகேசன் போடுவான்'னாரு. அதுக்கோசரம்தான் ஏழு பேரையும் வேணாம்னு எழுதனாரு. உங்களுக்குத் தெரியாதா இன்னா?"

"தெரியும்" என்றேன்.

உன்மேல் கோபம் இன்னும் போகவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் போட்டிருக்கலாம். படிக்காமல் கிழித்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

விண்ணப்பத்தை நிரப்பிவிட்டேன். நாளை தபாலில் சேர்த்துவிடுவேன். கூப்பிடுவார்கள், கேட்பார்கள், எனக்குத் தெரியும் அவர்களை. திரும்பவும் அந்த வரியைத்தான் எழுதுவார்கள். முன்பு அதை எழுதிய கை எனக்காக எழுதியது. இந்த முறை அது என்னைப் பற்றியதாகவே இருக்கும்.