தலைகீழ் முத்திரை

அக்டோபர் 12, ஞாயிறு

சோலார் பேனல் போடும் கம்பெனிக்காரர், ஓட்டாகி என்பவர், வந்து போனார். வாய் ஓயாமல் மூன்று மணி நேரம். மேசை முழுக்கப் படங்கள். எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

பேனலில் சிக்கல் இல்லை. அதைத் தாங்கும் ஸ்டாண்டில்தான் எல்லாமே. கூரையோடு படுக்கவைக்கிற ஸ்டாண்டு ஒன்றரை மீட்டர் பனி தாங்குமாம். இந்த நீகாத்தா மலையில் அது ஜனவரி பாதியிலேயே வந்துவிடும். அதற்கு மேல் போனால் யாராவது ஏறி வழித்துத் தள்ள வேண்டும்.

"ஏறினா போச்சு," என்றார் என் வீட்டுக்காரர்.

போன ஜனவரியில் பனி தள்ள ஏறி, வழுக்கி விழுந்து, தொடையில் கம்பி வைத்துக்கொண்டு வந்த மனுஷன் பேசுகிற பேச்சா இது!

அக்டோபர் 13

இவர் இனி ஏறக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். மின்சாரமெல்லாம் அப்புறம்.

அக்டோபர் 15, புதன்

ஓட்டாகி மறுபடி வந்தார். உயரமான சாய்வு ஸ்டாண்டு இருக்கிறதாம். பனி நிற்காது, தானே சறுக்கி விழுந்துவிடும். யாரும் ஏற வேண்டாம். ஆஹா என்றேன். அப்புறம்தான் உறைத்தது: எங்கே விழும்? நேரே பக்கத்து வீட்டு ஹோஷினா அக்கா பக்கம். அக்கா தனியாள். மண்ணெண்ணெய்த் தொட்டிக்கு அவர் தினம் போகிற நடை அங்கேதான். அவருடைய சம்மதக் கடிதமும், அதில் கையெழுத்துக்குப் பதில் அவர் பெயர் முத்திரையும் வேண்டுமாம்.

சுவரில் நிமிர்த்தி மாட்டுவதும் உண்டு. மின்சாரம் குறைவு. கூரைப் பனி அப்படியே கிடக்கும், தள்ள ஆள் கூப்பிட வேண்டும். "என் கூரைக்கு வெளியாளா?" என்று இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படுக்கையா, சாய்வா, சுவரா? ஒன்றும் புரியவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

பேரிக்காயும் கடிதமுமாக இருவரும் அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா முழுவதும் படித்தார்.

"பரவாயில்ல, பரவாயில்ல. பக்கத்துப் பக்கத்துல இருந்துக்கிட்டு இதெல்லாம் பாத்தா முடியுமா?"

சிரித்தபடியே முத்திரையை எடுத்துக் குத்திக் கொடுத்தார். அப்பாடா.

அக்டோபர் 20

கடிதத்தை இன்று வெளிச்சத்தில் பார்த்தேன். முத்திரையில் அக்காவின் பெயர் தலைகீழாக விழுந்திருக்கிறது.

நகராட்சியில் இருபது வருஷம் தாள் வாங்கி அடுக்கியவள் நான். மறுக்க முடியாத இடத்தில், மனமில்லாமல் குத்துகிறவர்கள் இப்படிக் குத்துவார்கள். வாய் சரி என்னும், முத்திரை இல்லை என்னும்.

"கண்ணு தெரியாம குத்திருப்பாங்க. நீ ஒண்ணு!" என்றார் இவர்.

கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறவருக்கா கண் தெரியாது? ஆனால் சிரித்தாரே — அவசரத்தில் பிடி மாறிவிட்டதோ? பரவாயில்லை என்றால் சம்மதமா, வேண்டாம் என்பதா? போய்க் கேட்டால் மறுபடியும் பரவாயில்லை என்பார்!

அக்டோபர் 24

ஓட்டாகி போன் செய்தார். சாய்வு ஸ்டாண்டு சொல்லிவிடட்டுமா என்கிறார். எப்படி விழுந்தாலும் முத்திரை செல்லுமாம். செல்லும்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 1, சனி

கேட்டேவிட்டேன். அக்கா ஊறுகாய்க்கு முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தார். தாளை நீட்டி, "அக்கா, இது தெரியாம விழுந்ததா?" என்றேன்.

அடுத்த முள்ளங்கியை எடுத்தார். நானும் உட்கார்ந்து ஒரு முள்ளங்கியைத் தேய்க்க ஆரம்பித்தேன். நாலைந்து முடிந்த பிறகு பேசினார்.

"நீ கடைக்குப் போன நேரத்துல உன் வீட்டுக்காரர் விழுந்தப்ப முனகல் கேட்டு ஓடி வந்தது நான். அந்தப் பனி என் மேல சரிஞ்சா யாருக்கும்மா கேக்கும்? வேண்டாம்னு சொன்னா அவர் மறுபடி ஏறுவார். சரின்னு சொன்னா என் தலையில விழும். நான் என்னத்தடி குத்தறது?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. என் புருஷனைக் காப்பாற்ற இவர் தலையிலா கொட்டப் பார்த்தேன்?

வீட்டுக்கு வந்து இவரிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சோறு பாதியில் நின்றது. "சுவர்லயே மாட்டச் சொல்லு," என்றார்.

அப்போ கூரைக்கு? மறுபடி சோற்றில் குனிந்துகொண்டார்.

நவம்பர் 22

மாட்டியாயிற்று. சாலையைப் பார்த்த சுவர், கூரைப் பனி இறங்காத பக்கம். கூரைக்கு யார் என்று கேட்டால் எழுந்து போய்விடுகிறார். இவர் மனசில் என்னதான் இருக்கிறது?

ஜனவரி 10, சனி

ஒன்றரை மீட்டர் விழுந்திருக்கிறது. காலையில் அரிசி கழுவும்போது கூரையில் காலடிச் சத்தம். காலில் ஒன்றும் போடாமல் பனியில் ஓடினேன்.

மேலே கயிறு கட்டிக்கொண்டு மூன்று பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இவர் கீழே கைத்தடியோடு அண்ணாந்து நின்றார். தானே கூப்பிட்டிருக்கிறார், என்னிடம் மூச்சு விடவில்லை.

"ஃபுமி, விழறதுக்கு முன்னாடியே எனக்கு ஏற பயம்தான். ஒரு பத்து வருஷமா."

"அட பாவி மனுஷா, வாயத் திறந்து சொன்னா என்ன?" என்று கத்தினேன். மேலே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அந்தப் பத்து வருஷமும் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.