ஜமாஅத் தளத்தில் என் பெயர்

சூலியா தெரு, பினாங்கு
திங்கள்கிழமை

அன்பு மனைவி சபூராவுக்கு ஸலாம். முட்டிவலி குறைந்ததா? நான் நலமே.

நம் ஜமாஅத் இணையதளத்தில் எது புதிதாக வந்தாலும் ஃபீட் வழியாக என் போனுக்கு வந்துவிடும். நானே கற்றுக்கொண்டது. நேற்று ஒரு மவுத் அறிவிப்பு வந்தது: "கிழக்குத் தெரு சீனி முகம்மது. வரும் வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம்." என் பெயர், நம் தெரு. மய்யித்தை ஐந்து நாள் யார் வைத்திருப்பார்கள்?

தளத்தில் தேடினால் அது இல்லை. எங்கள் கடைக் கல்லாவில் இருக்கும் இப்ராஹிம், "கண்ணாடிய மாத்துங்கண்ணே, ஒன்னும் இல்ல லா" என்று சிரித்தான். தளத்தில் அழித்தாலும் ஃபீடில் வந்தது போனிலேயே நிற்கும். காட்டினேன். சிரிப்பு நின்றது.

எழுதியது யாரென்று செயலாளரிடம் கேள். பிழையென்றால் கையெழுத்திட்டுத் தரட்டும்.

இந்தக் கடிதத்தை நாளை ஊருக்கு விமானம் ஏறுபவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அடுத்து இங்கே வருபவரிடம் சுக்குப்பொடி கொடுத்தனுப்பு. கடையில் கூப்பிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை அங்கே அஸர் பாங்கு கேட்டதும் போன் செய். நான் எடுக்கும்வரை வைத்துவிடாதே.

சீனி முகம்மது