மூன்றாம் முறை எழுதிய தமிழ்த்தாள்

மார்ச் 3

என் தங்கச்சிக்கு,

நம் வீட்டின் முதல் பட்டதாரி நீ, அதனால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் மற்ற பாடங்களைத் தாண்டிவிட்டேன். தமிழ்த்தாளில் மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இந்த முறை சான்றிதழ் வராவிட்டால் தையல்கூடத்தில் சூப்பர்வைசர் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"இந்த வயசுல இலக்கணம் தலையில ஏறுமா?" என்கிறார் உன் அத்தான். "உங்களுக்கே ஏறல, சும்மா இருங்க" என்றேன்.

ஆனால் இடைச்சொல், உரிச்சொல் என்றாலே கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கிறது.

அக்கா

மார்ச் 9

அன்பு அக்கா,

காட்டில் விட்டது போல என்றாயே, அதுதான் உவமை. பாதி பாடம் உன் வாயிலேயே இருக்கிறது.

'சட்டை' பெயர்ச்சொல். 'தைத்தாள்' வினைச்சொல். 'சட்டையை' என்பதில் 'ஐ' இடைச்சொல். பொத்தான் மாதிரி, ஒட்டினால்தான் பயன். 'சாலச் சிறந்தது' என்பதில் 'சால' உரிச்சொல். சிறப்பைக் கூட்டிக் காட்டும்.

இந்தக் கடிதத்தோடு பயிற்சித்தாள் ஒன்று வைத்திருக்கிறேன். வினைச்சொற்களைக் குறித்து அனுப்பு.

சின்னவள்

மார்ச் 17

தங்கச்சி,

மானம் போயிற்று! சட்டையில் குறை இருந்தால் ஒட்டுவோமே சிவப்பு அம்பு ஸ்டிக்கர், தையல்கூடத்தில் உட்கார்ந்து உன் தாளில் வினைச்சொற்களுக்கு அதையே ஒட்டினேன். தாள் சட்டைக் கட்டோடு சேர்ந்து பிரித்துத் தைக்கும் பிரிவுக்குப் போய்விட்டது. அங்கிருந்தவள் கூடம் முழுக்கக் கேட்கக் கத்தினாள்: "அக்கா, பதினோரு அம்பு இருக்கு, எங்க பிரிக்கிறது?"

இப்போது எல்லாருக்கும் தெரியும். தேறாவிட்டால் எந்த முகத்தோடு போவேன்? டீ நேரத்தில் ஒருத்தி சீண்டுகிறாள்: "நம்ம மேனேஜர் தங்கமானவரு. அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தா அரைநாள் லீவே குடுத்துருவாரு. இது என்ன அணி, சொல்லுங்க பாப்போம்!"

அக்கா

மார்ச் 22

அக்கா,

சிரித்து வயிறு வலிக்கிறது. அது வஞ்சப்புகழ்ச்சி, புகழ்வது போல இகழ்வது. அவர்களைப் பேசவிடு, எல்லா அணியும் வரும்.

கல்லூரியில் முதல் நாள், "வீட்டுல யாரு படிச்சவங்க?" என்று கேட்டார்கள். நான் தரையைப் பார்த்தேன். எனக்காக நீ எட்டாவதோடு நின்றதைச் சொல்லியிருக்க வேண்டும். இன்றுவரை உறுத்துகிறது.

பயப்படாமல் எழுது.

சின்னவள்

மே 20

அடியே,

எழுபத்தெட்டு! பேக்கிங் பெண் ஃபோனில் பார்த்துப் போட்ட கூச்சலில் நாற்பது மெஷினும் நின்றன. உயர்வு நவிற்சி இல்லை, நிஜமாகவே நின்றன. தங்கமான மேனேஜர் ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும், "திங்கள்லேருந்து நீங்கதான் சூப்பர்வைசர். முதல்ல இவங்கள உக்கார வைங்க" என்றார். அதட்டினேன். ஒருத்தியும் உட்காரவில்லை, கைதட்டினார்கள்.

நான் எட்டாவதோடு நின்றதை நினைத்து இனி மனசை வருத்திக்கொள்ளாதே. அந்தக் கணக்கு தீர்ந்தது.

அம்பைப் பார்த்துக் கத்தியவளும் இன்னொருத்தியும் பரீட்சைக்கு விண்ணப்பம் வாங்கிவிட்டார்கள். "உங்க தங்கச்சி எங்களுக்கும் லெட்டர்ல பாடம் எழுதுவாங்களா?" என்று கேட்டார்கள்.

"அவ எதுக்கு? நான் இருக்கேன்ல!" என்றேன்.

உன் அக்கா