கால் உடைந்தவனுக்கு ஓர் இடம்

அன்பு மாப்பிள்ளை,

நிஜ ஆட்டக்காரர்களை அணி சேர்த்து, அவர்கள் மைதானத்தில் ஆடுவதை வைத்துப் புள்ளி வாங்குவோமே, போனில் நாம் ஆடும் அந்தக் கால்பந்துப் போட்டிக்கு இந்த வாரம் நான் ஒருவனே பதினொரு பேரைப் பொறுக்கினேன். பெரிய பெரிய பயிற்சியாளர்கள் பார்த்தால் வேலையை விட்டே ஓடிவிடுவார்கள், அப்படியோர் அணி!

ஓர் இடத்தில்தான் கை நின்றது. கால் உடைந்து படுத்திருக்கிறானே ஓர் ஆட்டக்காரன், அவனை இறக்கினால் புள்ளி பூஜ்யம் என்று குழந்தைக்கும் தெரியும். உன் அத்தை இருந்தவரை ஒரு வாரம்கூட அவனை நீக்கவிட்டதில்லை. "பாவங்க, பெஞ்சுல உக்கார வெச்சா மனசு ஒடஞ்சிடுவான்" என்பாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். எனக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை.

அவனையே இறக்கி, கேப்டனாகவும் போட்டுவிட்டேன். இந்த வாரம் நீதான் ஜெயிப்பாய். போன் செய்து கேலி பண்ணு, மாப்பிள்ளை. கட்டாயம் பண்ணு.

இப்படிக்கு,
தோற்றுப் பழக்கமில்லாத உன் மாமா